பீமில் விரிசலா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வீட்டு பீமில் விரிசல் விழுந்தால் பலரும் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. அவர் புட்டி வைத்துத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசி மழையில் அதே இடத்தில் விரிசல் முன்பைவிட அகலமாக வந்து நிற்கும். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் பழுதுபார்க்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். மறைப்பதற்கு முன் விரிசலைப் படித்துவிட வேண்டும். அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு அகலம் என்ற மூன்றும் தெரிந்தால் காரணத்தில் பாதி கைக்கு வந்துவிடும்.

கான்கிரீட் பீம்தான் இங்கே அதிகம். பழைய வீடுகளின் இரும்பு கர்டரும் தேக்கு உத்திரமும் பின்னால் வருகின்றன. ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லி, செலவு மிகுந்ததைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: சிறிய சுத்தியல், டார்ச், நைலான் நூல், அளவுகோல், போன் கேமரா, 0.5 மி.மீ. முனை போட்ட மெக்கானிக்கல் பென்சில். இந்தப் பென்சில் முனை விரிசலுக்குள் நுழைகிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல அளவை. நுழைந்தால் விரிசல் அரை மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது.

## எல்லாவற்றுக்கும் முன்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அறையைக் காலி செய்யுங்கள்

- தூணுக்கு அருகே பீமின் பக்கவாட்டில் சாய்வாக ஓடும் விரிசல், அதில் பென்சில் முனை நுழைகிறது.
- பால்கனியோ போர்டிகோவோ சுவரைச் சேரும் இடத்தில், மேல்பக்கம் குறுக்கே விரிசல்.
- காலையில் குறித்த விரிசல் மாலைக்குள் நீண்டிருக்கிறது.
- பீமிலிருந்து பூச்சு மட்டுமல்ல, ஜல்லியோடு கான்கிரீட்டே பெயர்ந்து விழுகிறது.
- கர்டர் அல்லது உத்திரத்தின் முனை சுவரில் உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது.

ஆட்களை பீமுக்குக் கீழேயிருந்து மட்டும் நகர்த்தினால் போதாது, மேல் தளத்திலிருந்தும் நகர்த்த வேண்டும். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் வடித்துவிடுங்கள். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். பிறகு முட்டுக் கொடுக்க வேண்டும்.

சென்ட்ரிங் வேலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் இரும்பு ஜாக்கி போதும். கிடைக்காவிட்டால் நல்ல பருமனான சவுக்குக் கட்டை. மேலேயும் கீழேயும் அகலமான பலகை வைத்து, ஜாக்கியைக் கையால் இறுக்கி பீமைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் கொண்டுவர வேண்டும். பீமை மேலே தூக்க முயலக் கூடாது. தொங்கிப்போன பீமை ஜாக்கியால் நிமிர்த்தப் போனால், மேல்பக்கம் புது விரிசல் விழும். முதல் மாடியில் முட்டுக் கொடுத்தால் அதே இடத்துக்கு நேர் கீழே தரைத்தளத்திலும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பாரம் முழுவதையும் கீழ்த்தளத்து ஸ்லாபின் நடுவில் இறக்கி வைத்தது போலாகும்.

## அறிகுறி: பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஒரு கீறல்

மிகவும் பயமுறுத்துவதும் பெரும்பாலும் ஆபத்தில்லாததும் இதுதான். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரிவதில்லை. இரண்டின் மீதும் ஒரே பூச்சைப் பூசும்போது சேருமிடத்தில் கோழி வலை வைக்காவிட்டால் பூச்சு அங்கே பிரியும்.

சோதனை: கீறலின் மீது கையகல இடத்தில் பூச்சை உளியால் எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். கான்கிரீட்டில் விரிசல் இல்லையென்றால் இது பூச்சுக் கோளாறு மட்டுமே. கீறலின் இருபக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை எடுத்து, வலை அடித்து, மறுபடி பூசினால் முடிந்தது.

மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள அறையில் மட்டும் வருகிறதா? சித்திரை வெயிலில் அகலமாகி மார்கழியில் சுருங்குகிறதா? அப்படியானால் மேல்தளம் வெயிலில் விரிவதுதான் காரணம். தட்டோடு பெயர்ந்திருந்தால் சரிசெய்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தால் குறையும்.

கோடு ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கிறதா? சுவர் ஒரு பக்கமாக இறங்குகிறது. கோளாறு பீமில் இல்லை, அஸ்திவாரத்தில் இருக்கிறது. இங்கே பொறியாளர் தேவை.

## அறிகுறி: பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல், பழுப்புக் கறை, பூச்சு உப்பி விழுதல்

நான் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விரிசல் பீமின் நீளத்தோடு, உள்ளே கம்பி ஓடும் தடத்தில் ஓடினால் கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. மேலே எத்தனை முறை சிமெண்ட் பூசினாலும் உள்ளே வீங்குவது நிற்கப்போவதில்லை.

1. வெறும் பூச்சுதானா? சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கான்கிரீட், பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பூச்சை மட்டும் எடுத்ததும் கீழே கான்கிரீட் கணீரென்று கேட்டால், கறையும் இல்லையென்றால், பூச்சை மாற்றினால் போதும்.

2. தண்ணீர் எங்கிருந்து? இதைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு எந்த வேலையும் வேண்டாம். பீமுக்கு மேலே குளியலறை இருந்தால், கழிவுநீர்த் துவாரத்தைத் துணியால் அடைத்துத் தரையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் பரவினால் தரை ஒழுகுகிறது. பரவாவிட்டால் துவாரத்தைத் திறந்துவிட்டுப் பாருங்கள். அப்போது ஈரம் வந்தால் கழிவுக் குழாயில் கோளாறு. இரண்டும் இல்லையென்றால் இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் சுவருக்குள் இருக்கும் குழாயில் கசிவு. மொட்டை மாடியாக இருந்தால் தட்டோடுகளின் இணைப்பையும், மழைநீர்க் குழாய் இறங்கும் வாயையும், கைப்பிடிச் சுவரின் அடியையும் பாருங்கள். மாடியின் நடுவில் ஒழுகுவதைவிட இந்த மூன்று இடங்களில் ஒழுகுவதே அதிகம்.

3. கம்பிக்கு மூடாக்கு, அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன், போதுமா? பிரிந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்தபின் கம்பிக்கும் பீமின் வெளிமுகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் பத்து மில்லிமீட்டர்கூட இல்லாமல், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் வெளியே தெரிவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 (2000) மிகச் சாதுவான சூழலுக்கே 20 மி.மீ. கேட்கிறது. நடுத்தரச் சூழலுக்கு 30, கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு 45. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகை மீதே படுக்கப்போட்டு வார்த்ததன் விலை இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது.

4. கான்கிரீட் தன் காரத்தை இழந்துவிட்டதா? ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் ஃபீனால்ஃப்தலீன் கரைசல் கிடைக்கும். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில், தூசியை ஊதிவிட்டுத் தெளியுங்கள். அடர் இளஞ்சிவப்பாக மாறினால் அந்தக் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறமே மாறாவிட்டால் காக்கும் தன்மை போய்விட்டது. நிறம் மாறாத பகுதி கம்பியையும் தாண்டி உள்ளே போயிருந்தால், இன்று துருப்பிடிக்காத இடங்களும் வரிசையில் நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. உப்பு. இளஞ்சிவப்பாக மாறுகிறது, ஆனாலும் கம்பியில் ஆங்காங்கே குழி குழியாகத் துரு. கடலோர வீடுகளிலும், உவர்ப்பான போர்வெல் தண்ணீரில் கான்கிரீட் கலந்த வீடுகளிலும் இப்படி வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே தரநிலை. வார்த்து முடிந்த கான்கிரீட்டில் உப்பு எவ்வளவு என்பதைத் தூள் எடுத்து ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். உப்பு ஏறிய பீமில் ஓர் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே துரு வேகமெடுக்கும். அப்படிப்பட்ட பீமுக்குக் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது போன்ற வழிகள் உண்டு. அதைப் பொறியாளர் தீர்மானிக்கட்டும்.

கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? கம்பி பிரஷ்ஷால் துருவை முழுவதும் சுரண்டிவிட்டு வெர்னியர் காலிப்பரால் அளவுங்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கம்பியின் வெட்டுப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 16 மி.மீ. கம்பி 14.4 ஆகத் தேய்ந்திருந்தால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் தாங்கும் திறனில் அது பெரிய இழப்பு. அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால், அல்லது ரிங் எங்கேயாவது அறுந்திருந்தால், இனி உங்கள் வேலையும் மேஸ்திரியின் வேலையும் முடிந்தது. பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தேய்மானம் குறைவு, ஓரிரண்டு இடங்களில் மட்டும் பாதிப்பு என்றால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். கசிவை நிறுத்துங்கள். முட்டுக் கொடுங்கள். கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் சுரண்டாமல், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டை எடுங்கள். பின்பக்கத் துருவை விட்டுவிட்டுப் பூசுவதால்தான் பல ஒட்டுகள் இரண்டு மழைக்குள் விழுகின்றன. கம்பி வெள்ளையாகத் தெரியும்வரை சுத்தம் செய்து, அன்றே துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டில் பிணைப்புப் பூச்சு தடவி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த கலவையால் நிரப்புங்கள். குழி ஆழமாக இருந்தால் பலகை அடைத்து, பொடி ஜல்லி கலந்து தானாகப் பரவும் மைக்ரோ கான்கிரீட் ஊற்ற வேண்டும். சாதாரண சிமெண்ட் மணல் கலவை தலைகீழாக ஒட்டி நிற்காது. ஏழு நாளாவது ஈரச் சாக்கு கட்டி வையுங்கள். இந்த வேலையில் எந்தக் கட்டத்தையும் நேரம் இல்லை என்று தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்த பிறகே அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பீமின் நடுப்பகுதியில், அடியிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக விரிசல்

மயிரிழை அளவில் இரண்டு மூன்று, வளரவில்லை. கான்கிரீட் பீம் பாரத்தை ஏற்கும்போது அடிப்பக்கத்தில் மெல்லிய விரிசல் விடுவது இயல்பு. பொதுவான இடங்களில் 0.3 மி.மீ. வரையிலும், ஈரம் படும் இடங்களில் 0.2 மி.மீ. வரையிலும் தரநிலையே அனுமதிக்கிறது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எபாக்ஸி என்ற கெட்டிப் பசையால் ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது. விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து கண்ணாடி முழுசாக இருந்தால் நிம்மதியாகப் பூசிக்கொள்ளலாம்.

பென்சில் முனை நுழைகிறது, அல்லது வளர்கிறது. மேலே புதிதாக என்ன வந்தது என்று முதலில் கேளுங்கள். அறையைப் பிரிக்க எழுப்பிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு மீட்டருக்குச் சுமார் 700 கிலோ. ஒன்பது அங்குலச் சுவரானால் அதில் இரட்டிப்பு. மொட்டை மாடி ஒழுகுகிறது என்று பழைய தளத்தை எடுக்காமலே அதன் மேல் போட்ட கான்கிரீட், ஒவ்வொரு அங்குலத்துக்கும் சதுர மீட்டருக்கு 60 கிலோ. அதைத் தவிர மாடித் தோட்டத்து ஈர மண், புத்தக அலமாரிகள், அரிசி மூட்டைகள். பாரத்தை இறக்கிவிட்டு விரிசல் நிற்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. செங்கல் சுவரை எடுத்துவிட்டு இலேசான பலகைத் தடுப்பு வைப்பது, பீமை வலுவாக்குவதைவிடப் பல மடங்கு மலிவு.

புது வீடு, குடியேறுமுன்பே விரிசல். முட்டுகளை எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். ஸ்லாபுக்கு ஏழு நாள் என்ற கணக்கை பீமுக்கும் வைத்து ஜாக்கியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இப்படி விழுந்த விரிசலுக்குள் எபாக்ஸி ஏற்றலாம். ஆனால் கான்கிரீட் வலுவாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே.

பாரமும் ஏறவில்லை, முட்டும் சரியாக நின்றது, ஆனாலும் வளர்கிறது. கம்பி குறைவாகப் போட்டிருக்கலாம், கான்கிரீட் தரம் மோசமாக இருக்கலாம். கவர் மீட்டரால் உள்ளே எத்தனை கம்பி என்று பார்க்க வேண்டும். இதற்குப் பொறியாளர்.

## அறிகுறி: தூணுக்கு அருகில் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் ஓடும் விரிசல்

இதில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே: முட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுவது. நடுவில் விழும் விரிசல் பீம் தொங்கி, கதவு இறுகி, பல நாள் முன்னறிவிப்புக் கொடுக்கும். சாய்வு விரிசல் அப்படி அவகாசம் தராது. கண்ணாடி ஒட்டி ஒரு பருவம் காத்துப் பார்க்கும் விஷயம் இது இல்லை.

அவர் வருவதற்குள் ஒன்றை மட்டும் பார்த்து வையுங்கள். அந்த முனையில் யாராவது ஓட்டை போட்டார்களா? ஏசி குழாய்க்கும் கழிவுக் குழாய்க்கும் பீமைத் துளைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. தூணை ஒட்டியுள்ள இடத்தில்தான் ரிங்குகள் நெருக்கமாக நின்று வேலை செய்கின்றன. அங்கே போட்ட ஓட்டை ரிங்கை அறுத்திருந்தால் காரணம் அதுதான். பிளம்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பீமில் துளையிட அவர் சொல்லை மட்டும் நம்பிச் சம்மதிக்காதீர்கள்.

## அறிகுறி: பால்கனி, போர்டிகோ, சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் விரிசல்

ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீளும் பீமுக்கும் ஸ்லாபுக்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே ஏறி, சுவரை ஒட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

எளிய காரணம் தரை ஓட்டின் இணைப்பு பிரிந்தது. ஒரு ஓட்டைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் கான்கிரீட்டிலும் விரிசல் தெரிந்தால், ஒன்று அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிக் கம்பியை அரித்திருக்கிறது. அல்லது கான்கிரீட் போட்ட அன்று ஆட்கள் மேல்கம்பி மீது நடந்து அதை அடியில் அமுக்கிவிட்டார்கள். இரண்டாவது மிகவும் பரவலான, மிகவும் கொடிய தவறு. கம்பி இருக்கும், ஆனால் வேலை செய்ய வேண்டிய உயரத்தில் இருக்காது.

வெளிமுனைக்குக் கீழே உடனே முட்டு. பூந்தொட்டிகளையும் வாஷிங் மெஷினையும் எடுத்துவிடுங்கள். யாரும் அங்கே நிற்க வேண்டாம், கைப்பிடியில் சாய வேண்டாம். பொறியாளர் பெரும்பாலும் வெளிமுனையில் தூணோ இரும்புத் தாங்கியோ வைக்கச் சொல்வார், அல்லது இடித்துவிட்டுத் திரும்ப வார்க்கச் சொல்வார். பார்வைக்கு அழகு குறைகிறது என்று தூணை மறுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கீழே குழந்தைகள் விளையாடும் இடம் அது.

## அறிகுறி: பீம் நடுவில் தொங்குகிறது, அடியிலிருக்கும் கதவு உரசுகிறது

கதவு உரசினால் முதலில் கதவைப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் உரசினால் மரம் உப்பியிருக்கிறது, பீமுக்குச் சம்பந்தமில்லை. கீல் தளர்ந்திருந்தாலும் அப்படியே.

கதவில் குறையில்லை என்றால் நூல் பிடியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மரத்துண்டுகளை, 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், பீமின் இரு முனைகளிலும் அடியில் வைத்து, அவற்றின் கீழே நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் பீமுக்கும் நூலுக்கும் இடைவெளியை அளவுங்கள். 50 இருந்தால் தொங்கல் இல்லை. 38 இருந்தால் 12 மி.மீ. தொங்கல். வாடகைக்கு லேசர் மட்டம் கிடைத்தால் அது இன்னும் துல்லியம்.

பீமின் நீளத்தை 250ஆல் வகுத்தால் வருவது பொதுவான எல்லை. ஐந்து மீட்டர் பீமுக்கு 20 மி.மீ. அதற்குள் இருந்து, மூன்று மாதம் கழித்து அளந்தாலும் மாறாவிட்டால் விட்டுவிடலாம். சென்ட்ரிங் பலகை தொய்ந்து, வார்க்கும்போதே வளைந்து பிறந்த பீம்கள் நிறைய உண்டு. எல்லையைத் தாண்டினாலோ, அளவு கூடிக்கொண்டே போனாலோ பொறியாளர். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் கீழே இருக்கும் தடுப்புச் சுவரில் விரிசல் விழுந்தால் அவரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

## அறிகுறி: பழைய வீட்டில் இரும்பு கர்டர் செதில் செதிலாக உதிர்கிறது, தேக்கு உத்திரத்திலிருந்து தூள் கொட்டுகிறது

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய கூரையில் தேக்குச் சட்டங்கள் மேல் செங்கலைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். சட்டங்களை இரும்பு கர்டரோ பெரிய தேக்கு உத்திரமோ தாங்கும். நன்றாகப் பேணினால் நூறாண்டுக்கு மேலும் நிற்கும் அருமையான கட்டுமானம் இது. இடித்துத் தள்ளுங்கள் என்று சொல்பவர்களிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

கர்டரில் மேலாக மட்டும் துரு. சுரண்டினால் பளபளப்பான இரும்பு தெரிகிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்தால் போதும்.

அடுக்கடுக்காகப் பெயர்கிறது. மேலே மழைநீர் இறங்குகிறது. அதை நிறுத்திவிட்டு, துருவை முழுவதும் எடுத்துவிட்டு, மீதமுள்ள தடிமனை முனைகளிலும் நடுவிலும் அளவுங்கள். ஒப்பிட, துருவே பிடிக்காத ஓர் இடத்தின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் காலத்து கர்டராக இருந்தால் நடுத்தகட்டில் டார்மன் லாங் போன்ற ஆலைப் பெயர் பொறித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்துப் பொறியாளருக்கு அனுப்புங்கள், அசல் அளவைக் கண்டுபிடிக்க உதவும்.

சுவருக்குள் போகும் முனை. பெரும்பாலான கர்டர்களும் உத்திரங்களும் சாவது இங்கேதான், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு சாண் நீளத்தில். வெளிச்சுவரில் மழை அடித்து, ஈரம் ஊறி, முனையை மட்டும் தின்றுவிடும். முனையைச் சுற்றிச் சுவர்ப் பூச்சு உப்பியிருந்தாலோ, கர்டருக்கு அடியில் செங்கல் நொறுங்கியிருந்தாலோ அதைத் திறந்து பார்க்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள்.

தேக்கில் தூள். சிறு துளைகளின் கீழே மாவு போலக் குவிந்தால் வண்டு. சுவரிலிருந்து மண் பாதை ஏறினால் கரையான். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, கரையான் எளிதில் தொடுவதில்லை, வெளிப்புற வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்தில் கெட்டியாக நின்றுவிட்டால் மருந்தடித்தால் போதும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கினால் அந்த உத்திரத்துக்கு உடனே முட்டு.

ஒரு எச்சரிக்கை. பழைய இரும்பில் கண்டபடி வெல்டிங் வைக்காதீர்கள். அந்தக் கால இரும்பு எல்லாம் வெல்டிங்குக்கு ஒத்துவராது, சூட்டில் விரிசல் விடக்கூடியதும் உண்டு. ஒட்டுத்தகடு வேண்டுமென்றால் போல்ட் போட்டு இணைப்பதே பாதுகாப்பு. கடற்காற்று படும் ஊரில் பெயிண்ட் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். 1914இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலத்தை அத்தனை பராமரிப்புக்குப் பிறகும் துரு விடவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

## அறிகுறி: நீங்கள் தினமும் கடக்கும் பாலத்தின் கர்டரில் ஏதோ சரியில்லை

சாலையில் இரண்டு கர்டர் தொடர்கள் சேருமிடத்தில் இடைவெளி இருப்பதும், லாரி போகும்போது பாலம் சற்று அதிர்வதும் இயல்பு. அடியில் நின்று பார்க்கும்போது கான்கிரீட் பெயர்ந்து கம்பி தொங்குவது, கர்டர் உட்காரும் ரப்பர் மெத்தை பிதுங்கியோ நழுவியோ இருப்பது, வெள்ளத்துக்குப் பின் தூணின் அடியில் மண் அரித்து அஸ்திவாரம் தெரிவது ஆகியவை இயல்பில்லை. போட்டோவோடு நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ எழுதுங்கள். சாலைக்கு மேலே போகும் ரயில் பாலத்தின் கர்டரில் லாரி மோதுவதைப் பார்த்தால் அருகிலுள்ள நிலையத்துக்கோ 139 என்ற எண்ணுக்கோ அந்த நிமிடமே சொல்லுங்கள். அடுத்த ரயில் வருவதற்குள் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

## பொறியாளரைக் கூப்பிட்டபின்

கட்டமைப்புப் பொறியாளர் என்று கேட்டுக் கூப்பிடுங்கள். வீட்டு வரைபடம் போடுபவரும் பழுது மருந்து விற்பவரும் அவருக்கு மாற்று இல்லை. நீங்கள் குறித்த தேதிகள், போட்டோக்கள், கிடைத்தால் பழைய வரைபடம் எல்லாவற்றையும் கையில் கொடுங்கள். சுத்தியல் மீள்துள்ளல் (ரீபவுண்ட் ஹேமர்) சோதனை, மீயொலிச் சோதனை, கம்பியின் துரு நிலையைக் காட்டும் மின்னழுத்தச் சோதனை ஆகியவை பீமை உடைக்காமலே நடக்கும். கான்கிரீட்டை உருளையாக வெட்டியெடுக்கும் சோதனை அவற்றைவிட நம்பகமானது, ஆனால் வெட்டும் இடத்தை அவரே கம்பி பார்த்துக் குறிக்க வேண்டும்.

அவர் சொல்லும் தீர்வும் ஏறக்குறைய ஒரு படிவரிசையில் இருக்கும்: பாரத்தைக் குறைப்பது, எபாக்ஸி ஏற்றுவது, அடியில் இரும்பு கர்டர் கொடுப்பது, கார்பன் இழைத்துணி ஒட்டுவது, கூடுதல் கம்பியோடு சுற்றிக் கான்கிரீட் உறை வார்ப்பது, கடைசியாக இடித்துத் திரும்பக் கட்டுவது. அவர் சொல்லும் படிக்கு முந்தைய படிகள் ஏன் போதாது என்று தயங்காமல் கேளுங்கள். இழைத்துணி ஒட்டச் சொன்னால், உள்ளே துருவை நிறுத்தியாயிற்றா என்றும் கேளுங்கள். துருவோடு ஒட்டிய துணி கான்கிரீட்டோடு சேர்ந்தே கழன்று வரும்.

தீர்வு கணக்கோடும் வரைபடத்தோடும் கையெழுத்தோடும் எழுத்தில் வர வேண்டும். முட்டுகளை எடுக்க வேண்டிய தேதியையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். வேறு வேலைக்கு ஜாக்கி தேவைப்படுகிறது என்று மேஸ்திரி வந்து கேட்டாலும், அந்தத் தேதிக்கு முன் ஒன்றைக்கூட எடுக்க விடாதீர்கள்.